உளச்சிகிச்சையில் நடத்தைக் கற்றல் கோட்பாடுகள்: புதிதாகத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

வலுவூட்டலின் (ஒரு செயலின் பின்விளைவு அந்தச் செயலையே கூட்டுவது) வகைகளைத் தேர்வில் பிழையின்றி எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்கூட, முதன்முதலாக ஒருவர் எதிரே வந்து அமர்ந்து, "பஸ்ஸில் ஏறினால் மூச்சு அடைக்கிறது, ஆறு மாதமாக ஏறவே இல்லை" என்று சொல்லும்போது, படித்ததை எங்கிருந்து எடுத்துப் பயன்படுத்துவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். எனக்கும் தொடக்கம் அப்படித்தான் இருந்தது. பாடநூலில் கோட்பாடு இருந்தது, ஆய்வுக் கட்டுரைகளில் முடிவுகள் இருந்தன; எந்தத் தாளை எப்போது நீட்டுவது, அமர்வுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது, வீட்டாரிடம் எதை எப்படிச் சொல்வது என்ற இடைப்பட்ட வேலையை வரிசைப்படுத்திச் சொல்லித் தர ஆள் இல்லை. அந்த இடைப்பட்ட வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடர்ந்து ஓர் எடுத்துக்காட்டைப் பயன்படுத்துவேன். மதுரையில் தனியார் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் 32 வயதுப் பெண். மல்லிகா என்று வைத்துக்கொள்வோம். பலரிடம் கண்டவற்றைச் சேர்த்து அமைத்த உரு இது, தனி ஒருவருடைய கதை அன்று.

எல்லாப் படிகளுக்கும் அடியில் இருக்கும் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதியவர்கள் ஒரு நடத்தைக்கு முன்னால் என்ன நடந்தது என்பதையே துருவித் துருவிக் கேட்கிறார்கள். அந்த நடத்தை முடிந்த அடுத்த ஒரு நிமிடத்தில் என்ன நடந்தது என்பதை யாரும் கேட்பதில்லை. சிகிச்சைக்கான வழி பெரும்பாலும் அந்த ஒரு நிமிடத்தில்தான் இருக்கிறது.

1. தகுதியையும் உடல்நிலையையும் முதலில் சரிபாருங்கள்

'மருத்துவ உளவியலாளர்' என்ற பெயரில் நீங்கள் பணியாற்றுவதாக இருந்தால், இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தமது துறை அனுமதிக்காத சிகிச்சையை எந்த மனநலப் பணியாளரும் அளிக்கக் கூடாது என்கிறது. ஆலோசகராக இருப்பவர்கள் நடத்தைக் கோட்பாடுகளைப் பயன்படுத்தத் தடையில்லை என்றாலும், கடுமையான எண்ணச் சுழற்சி நோய் (ஓசிடி), தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளுதல், மனச்சிதைவு போன்றவற்றைத் தனியாகக் கையில் எடுக்க வேண்டாம். முதல் சில வழக்குகளுக்கு மூத்தவர் ஒருவரிடம் மேற்பார்வை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அதற்கு ஆகும் கட்டணத்தையும் உங்கள் மாதச் செலவுக் கணக்கில் எழுதுங்கள்.

அடுத்தது உடல்நிலை. படபடப்பு என்று வருபவருக்குத் தைராய்டு மிகைச் சுரப்பு, இரத்தசோகை, இதயத் துடிப்புக் கோளாறு இருக்கலாம். படுக்கையில் சிறுநீர் கழிக்கும் குழந்தைக்குச் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சர்க்கரை நோய் ஆகியவற்றைப் பார்த்திருக்க வேண்டும். மருத்துவர் ஒருவர் எழுதிய குறிப்பு கோப்பில் இல்லாமல் நடத்தைச் சிகிச்சையைத் தொடங்காதீர்கள். அவர் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலும் அதே நாளில் வேண்டும். குறிப்பாக அல்பிரசோலாம், குளோனசிபாம் வகைப் பதற்றம் தணிக்கும் மாத்திரைகளை, 'பயம் வந்தால் போட்டுக்கொள்' என்ற முறையில் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இது பின்னால் ஆறாவது படியில் மிக முக்கியமாகப்படும். அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் மருத்துவருக்கு மட்டுமே உண்டு. திடீரென்று நிறுத்தினால் வலிப்புவரை போகலாம்.

தற்கொலை எண்ணம் உண்டா என்பதை நேரடியாகக் கேளுங்கள். உண்டு என்றால் பய ஏணியும் (அஞ்சும் சூழ்நிலைகளை எளிதிலிருந்து கடினம்வரை அடுக்கிய பட்டியல்) வெகுமதி அட்டையும் காத்திருக்கட்டும். பாதுகாப்பு ஏற்பாடும் மனநல மருத்துவரும் முதலில். அரசின் கட்டணமில்லாத மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416. அதை எழுதி அவர் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

2. கோப்பில் இருக்க வேண்டிய தாள்கள்

இவற்றை முதல் நபர் வருவதற்கு முன்பே தமிழில் தட்டச்சுச் செய்து நகல் எடுத்து வைத்துவிடுங்கள்: ஒப்புதல் படிவம், கட்டண விவரத் தாள், ஒரு வாரப் பதிவுத் தாள், பய ஏணித் தாள், வீட்டுப் பயிற்சித் தாள், அமர்வுக் குறிப்புத் தாள்.

ஒப்புதல் படிவத்தில் பலரும் விட்டுவிடும் வரி ஒன்று உண்டு. எதிர்கொள்ளல் பயிற்சி, அதாவது அஞ்சுவதைப் படிப்படியாக நேரில் சந்திப்பது, வேண்டுமென்றே பதற்றத்தை வரவழைக்கும், முதல் சில வாரம் சிரமம் கூடலாம், எந்தக் கட்டத்திலும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு என்பதை எழுத்தில் கொடுக்க வேண்டும். அமர்வு அறைக்கு வெளியே, அதாவது பேருந்து நிலையத்திலோ கடைத்தெருவிலோ, பயிற்சி நடக்கலாம் என்பதும், அங்கே தெரிந்தவர் எதிர்ப்பட்டால் உங்களை யார் என்று அறிமுகம் செய்வது என்பதும் அதே தாளில் இருக்கட்டும். இது சின்ன விஷயமாகத் தோன்றும். சொந்த ஊரிலேயே தொழில் செய்பவருக்கு இதுதான் முதல் வாரத்திலேயே சிக்கலாகும்.

இரகசியம் காக்கப்படும் என்று எழுதும்போது விதிவிலக்குகளையும் எழுதுங்கள்: பிறருக்கோ தமக்கோ ஆபத்து நேரும் நிலை, நீதிமன்ற ஆணை, குழந்தை மீதான பாலியல் குற்றம். கடைசியில் சொன்னதைக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயம். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து வேண்டும். அதோடு நிற்காமல், பிள்ளைக்கும் புரியும்படி சொல்லி அவருடைய சம்மதத்தையும் ஒரு வரியில் குறித்து வையுங்கள். பிள்ளை சம்மதிக்காத வெகுமதி அட்டை, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு வாரம் ஒட்டியிருந்துவிட்டுக் கிழியும்.

3. எண்ணக்கூடிய ஒரு நடத்தையைத் தேர்ந்தெடுங்கள்

'டென்ஷன்', 'கோபக்காரன்', 'சோம்பேறி', 'தைரியம் இல்லை' ஆகியவற்றைக் கொண்டு எந்தத் திட்டமும் போட முடியாது. ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு பேர், தனித்தனியே அமர்ந்து, ஒரே நாளில் எண்ணினால் ஏறக்குறைய ஒரே எண் வருமா என்று கேட்டுப்பாருங்கள். வராது என்றால் வரையறை இன்னும் கூர்மையாக வேண்டும். 'கோபக்காரன்' என்பது 'தங்கையைக் கையால் அடிப்பது அல்லது பொருளைத் தரையில் எறிவது' என்று மாறும்போது எண்ணலாம். மல்லிகாவுக்கு நாங்கள் வைத்த வரையறை: 'பேருந்து வந்து நின்றும் ஏறாமல் விடுவது, அல்லது இறங்க வேண்டிய இடத்துக்கு முன்பே இறங்கிவிடுவது.'

குறைக்க வேண்டியதை மட்டும் எழுதினால் போதாது. அதன் இடத்தில் எது கூட வேண்டும் என்பதையும் அதே நாளில் எழுதுங்கள். 'அடிக்கக் கூடாது' என்பது இலக்கு ஆகாது; செத்த பிணம்கூட யாரையும் அடிக்காது. 'பொம்மை வேண்டுமென்றால் வாயால் கேட்பது' என்பதே இலக்கு. ஒரு நேரத்தில் ஒரு நடத்தை, மிஞ்சினால் இரண்டு. பெற்றோர் பத்துக் குறைகளோடு வருவார்கள். எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, எளிதில் மாறக்கூடிய ஒன்றையும் அவர்களை மிகவும் வாட்டும் ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. ஒரு வாரம் எதையும் மாற்றாமல் பதிவு செய்யுங்கள்

புதியவர்கள் தாண்டிச் செல்ல மிகவும் ஆசைப்படும் படி இது. வந்தவர் பணம் கொடுத்திருக்கிறார், முதல் நாளே ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டும் என்ற கூச்சத்தில் மூச்சுப் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். பிறகு நிலைமை மாறினால் எதனால் மாறியது என்றும், மாறாவிட்டால் எங்கே பிசகியது என்றும் யாருக்கும் தெரிவதில்லை.

பதிவுத் தாளில் நான்கு கட்டங்கள் போதும்: நாளும் நேரமும், முன்னால் நடந்தது, செய்தது, உடனே பின்னால் நடந்தது. மல்லிகாவின் தாளில் ஒரு வரி இப்படி இருந்தது (படபடப்பு 0 முதல் 100 வரையிலான எண்ணில்): 'செவ்வாய் காலை 8.40. நிறுத்தத்தில் தனியாக நின்றேன், பஸ் வந்தது, கூட்டம், படபடப்பு 70. ஏறவில்லை, ஆட்டோ பிடித்தேன். ஏறி உட்கார்ந்ததும் படபடப்பு 25. அம்மாவுக்குப் போன் செய்தேன். "பரவாயில்ல கண்ணு, பஸ்ஸே வேணாம், ஆட்டோலயே போ, நான் காசு தர்றேன்"னாங்க.'

கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். ஏறாமல் விட்டதற்கு அடுத்த இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு கூலிகள் கிடைத்துவிட்டன: படபடப்பு 70இலிருந்து 25க்கு இறங்கியது, அம்மாவின் அன்பும் ஆட்டோக் காசும் வந்தன. இதைச் செய்யும் எவரும் அடுத்த நாளும் இதையே செய்வார்கள். மல்லிகாவிடம் குறை எதுவும் இல்லை. கற்றல் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

பதிவில் வழக்கமாக நேரும் கோளாறுகள் மூன்று. முதலாவது, ஏழு நாள் தாளையும் அமர்வுக்கு வருகிற வழியில் ஒரே பேனாவால் நிரப்புவது. இதைத் தவிர்க்க ஒவ்வோர் இரவும் தாளைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லலாம். இரண்டாவது, பதிவு செய்வதாலேயே நடத்தை ஓரளவு குறைந்துவிடுவது. மகிழ்ச்சிதான், ஆனால் அதை உங்கள் சிகிச்சையின் வெற்றியாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். மூன்றாவது, எழுதப் படிக்கத் தெரியாதவரிடமும் இதே தாளை நீட்டுவது. அவருக்குக் குரல்பதிவு போதும். எண்ணிக்கை மட்டும் வேண்டுமென்றால், ஒரு டப்பாவிலிருந்து இன்னொரு டப்பாவுக்குப் புளியங்கொட்டை போடச் சொல்லுங்கள், செலவு ஒன்றும் இல்லை. விரலால் அழுத்தும் எண்ணிக் கருவி வேண்டுமென்றால் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும்.

இதே வாரத்தில் பொது அளவீடுகளையும் எடுத்துவிடுங்கள். மனச்சோர்வுக்கான பிஎச்கியூ-9 (உச்ச மதிப்பு 27), பதற்றத்துக்கான ஜிஏடி-7 (உச்ச மதிப்பு 21) இரண்டும் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடியவை, தமிழ் வடிவமும் உண்டு. பதிப்புரிமை உள்ள மற்ற அளவீடுகளை நகலெடுத்துப் பயன்படுத்தும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது சட்டப்படி தவறு, தொழில் நெறிப்படியும் தவறு.

5. அந்த நடத்தை எதைச் சம்பாதிக்கிறது என்று முடிவு செய்யுங்கள்

பதிவுத் தாளை மேசையில் விரித்து, கடைசிக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் படியுங்கள். திரும்பத் திரும்ப வருவது எது? துன்பமான ஒன்று விலகுகிறதா, விரும்பிய ஒன்று கிடைக்கிறதா, இரண்டும் சேர்ந்தா? அல்லது பின்விளைவோடு தொடர்பில்லாமல், ஓர் ஒலியோ இடமோ வாசனையோ பழைய அதிர்ச்சியோடு ஒட்டிக்கொண்டு தானாகப் பயத்தைக் கிளப்புகிறதா? இவை எதுவும் பொருந்தாவிட்டால் கடைசியாக ஒன்று இருக்கிறது: அவருக்கு அந்தச் செயலைச் செய்யவே தெரியாமல் இருக்கலாம். பேசத் தெரியாத கூச்சக்காரருக்கு வெகுமதி அறிவிப்பதால் பயனில்லை. பேசக் கற்றுக்கொடுத்து ஒத்திகை பார்க்க வேண்டும்.

பள்ளிக்குப் போக மறுக்கும் இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் காலையில் வயிற்றுவலி, அழுகை, வீட்டிலேயே இருந்துவிடுதல். முதல் பிள்ளை வீட்டில் இருக்கும் நாளில் தனியே படுத்துக் கிடக்கிறான்; கணக்குத் தேர்வும் வகுப்பில் எழுந்து வாசிப்பதும் இல்லாத சனிக்கிழமைச் சிறப்பு வகுப்புக்கு மட்டும் கிளம்பிவிடுகிறான். இரண்டாவது பிள்ளைக்குப் பத்து மணிக்கு மேல் வயிற்றுவலி போய்விடுகிறது. அம்மா அருகில் இருக்கிறார், அலைபேசி கையில் இருக்கிறது, மதியம் சூடாகச் சாப்பாடு. முதல் பிள்ளை ஒன்றிலிருந்து தப்புகிறான், இரண்டாமவன் ஒன்றைப் பெறுகிறான். முதலாமவனுக்கு வகுப்பறையைச் சிறுசிறு அளவில் எதிர்கொள்ளும் பயிற்சியும் வாசிப்புக்கு உதவியும் தேவை. அவனிடம் அலைபேசியைப் பிடுங்கினால் ஒன்றும் நடக்காது. இரண்டாமவனுக்குப் பள்ளி நேரத்தில் வீடு சலிப்பாகவும், பள்ளிக்குப் போன நாளின் மாலை சுவையாகவும் மாற வேண்டும். அவனுக்குப் பய ஏணி போட்டால் வாரங்கள் வீணாகும். இதனால்தான் "பள்ளி போக மறுக்கும் பிள்ளைக்கு என்ன தெரபி?" என்று கேட்பவருக்குப் பதிவுத் தாளைப் பார்க்காமல் நான் பதில் சொல்வதில்லை.

இங்கே புதியவர்கள் தடுமாறும் ஓர் இடம் உண்டு. துன்பம் விலகுவதால் ஒரு நடத்தை வலுப்பெறுவது எதிர்மறை வலுவூட்டல். அது நடத்தையைக் கூட்டும். தண்டனை நடத்தையைக் குறைக்கும். மல்லிகா ஏறாமல் விடுவது முதல் வகை. அறிக்கையில் இவற்றை மாற்றி எழுதினால் அடுத்து படிக்கும் மருத்துவர் உங்கள் திட்டத்தையே தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

முடிவை ஒரே வாக்கியத்தில் எழுதி, வந்தவரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் "இல்லை, அப்படி இல்லை" என்றால் நீங்கள் விட்ட எதையோ அவர் பார்த்திருக்கிறார். இன்னும் ஒரு வாரம் பதிவு செய்யுங்கள்.

6. பயம், தவிர்த்தல் என்றால்: ஏணி போட்டு எதிர்கொள்ளல்

பதற்றத்தை 0 முதல் 100 வரை அளக்கக் கற்றுக்கொடுங்கள். பிறகு பத்து முதல் பதினைந்து சூழ்நிலைகளைச் சிறு சீட்டுகளில் எழுதச் சொல்லி, அவரே வரிசைப்படுத்தட்டும். மல்லிகாவின் ஏணியில் கீழ்ப்படி, மாட்டுத்தாவணியில் புறப்படாமல் நிற்கும் பேருந்தில் முன்கதவருகே அம்மாவோடு அமர்வது (30). நடுப்படி, கூட்டமில்லாத மதியத்தில் தனியாக மூன்று நிறுத்தம் போவது (60). மேல்படி, காலை நெரிசலில் நின்றபடியே பெரியார் நிலையம்வரை போவது (95). தூரம், நேரம், கூட்டம், துணை, இருக்கை ஆகிய ஐந்தையும் மாற்றிமாற்றிப் போட்டால் ஏணி தானாக நிரம்பிவிடும்.

இந்த அமர்வுக்கு 90 நிமிடம் ஒதுக்குங்கள். 45 நிமிட இடைவெளியில் அடுத்தவருக்கு நேரம் கொடுத்துவிட்டு, பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது "நேரமாகிவிட்டது" என்று எழுந்தால், தப்பி ஓடுவதைத்தான் அன்றும் கற்றுக்கொடுத்தவர் ஆவீர்கள். தொடக்கத்தில் வாரம் இரண்டு அமர்வு நல்லது. அலுவலகம் போகிறவர்களுக்கு அது கடினம் என்றால், வாரம் ஓர் அமர்வும் மீதி நாட்களில் வீட்டுப் பயிற்சியும்.

பயிற்சிக்கு முன் ஒரு கேள்வி: "என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?" பதிலை அவருடைய சொற்களிலேயே எழுதுங்கள். மல்லிகா சொன்னது, "ஐந்து நிமிடத்தில் மயங்கி விழுந்துவிடுவேன், எல்லோரும் சுற்றி நின்று பார்ப்பார்கள்." பேருந்தில் அமர்ந்தபின் பேச்சுக் கொடுத்து மனத்தைத் திருப்பாதீர்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணை மட்டும் கேளுங்கள். 55, 70, 75, 75, 60 என்று அது போகும். ஓட்டுநர் ஏறி எஞ்சினைக் கிளப்பும்போது மறுபடி துள்ளும். இறங்கியபின் எழுதிய தாளை எடுத்து, "மயங்கினீர்களா? எத்தனை பேர் பார்த்தார்கள்?" என்று கேளுங்கள். பதற்றம் சுழியத்துக்கு வந்தே தீர வேண்டும் என்பதில்லை. அவர் அஞ்சியது நடக்கவில்லை என்பதை அவரே கண்டுவிட்டார் என்பதுதான் அன்றைய பாடம். அடுத்த முறை வேறு வழித்தடம், வேறு நேரம், வேறு இருக்கை. ஒரே பேருந்தில் மட்டும் பழகினால் அந்தப் பேருந்துக்கு மட்டும் பயம் போகும்.

மிகப் பெரிய தடை, கண்ணுக்குத் தெரியாத பாதுகாப்புப் பழக்கங்கள். கைப்பையில் மாத்திரை அட்டை, தண்ணீர்ப் புட்டி, கதவருகே இருக்கை, காதில் பாட்டு, அழைப்பதற்குத் தயாராக அம்மாவின் எண். இவை இருக்கும்வரை "மாத்திரை இருந்ததால் தப்பித்தேன்" என்றுதான் மூளை கற்கும். பட்டியலிட்டு, ஏணியின் படிகளாகவே வைத்து, ஒவ்வொன்றாகக் குறையுங்கள். சிலரிடம் திருநீற்றுப் பொட்டலமோ சிலுவையோ தாயத்தோ இருக்கும். பயம் இல்லாத நாட்களிலும் அணிவது என்றால் அதில் கைவைக்க வேண்டியதில்லை என்பது என் நிலைப்பாடு. பேருந்துக்காக மட்டும் எடுத்து வருவது என்றால் மரியாதையோடு பேசிப் பார்க்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். இரத்தம், ஊசி ஆகியவற்றைக் கண்டு பயப்படுபவர் உண்மையிலேயே மயங்கி விழலாம், ஏனெனில் அவர்களுக்கு இரத்த அழுத்தம் முதலில் ஏறிப் பின் சட்டென்று இறங்கும். தளர்வுப் பயிற்சி அங்கே நிலைமையை மோசமாக்கும். கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 நொடி இறுக்கி, முகத்தில் வெம்மை தெரிந்ததும் 20 முதல் 30 நொடி விடுவிப்பது, இப்படி ஐந்து முறை என்று முதலில் பழக்கிவிட்டுத்தான் ஊசியைக் காட்ட வேண்டும். இரண்டாவது, திடீர்ப் பதற்ற நோய்க்கு (பேனிக் டிஸார்டர்) உடல் உணர்வுகளையே வரவழைக்கும் பயிற்சிகள் (ஒரு நிமிடம் வேகமாக மூச்சுவிடுதல், உறிஞ்சுகுழாய் வழியே மூச்சிழுத்தல், நாற்காலியில் சுற்றுதல்) மிக நன்றாகப் பயன்படும். ஆனால் இதய நோய், வலிப்பு, கடும் ஆஸ்துமா, கர்ப்பம் ஆகியவை இருந்தால் மருத்துவர் அனுமதியின்றித் தொடாதீர்கள்.

7. நடத்தையைக் கூட்ட வேண்டும் என்றால்: வலுவூட்டல்

வெகுமதி சிறிதாகவும், உடனடியாகவும், முன்பே பேசி முடித்ததாகவும் இருக்க வேண்டும். 'முழு ஆண்டுத் தேர்வில் நல்ல மார்க் எடுத்தால் சைக்கிள்' என்பது எட்டு வயதுக் குழந்தைக்கு வலுவூட்டியே ஆகாது. அது அவ்வளவு தொலைவில் இருக்கிறது. பத்து நிமிடம் எழுதினால் பத்து நிமிடம் கேரம் என்பது வேலை செய்யும். அழுது ஆர்ப்பாட்டம் செய்த பிறகு அதை நிறுத்துவதற்காகக் கொடுப்பது வெகுமதி அன்று, அது ஆர்ப்பாட்டத்துக்கான கூலி.

எது வலுவூட்டி என்பதைப் பிள்ளையே சொல்ல வேண்டும், பெற்றோர் அல்லர். எவரும் கட்டாயப்படுத்தாத நேரத்தில் அவன் என்ன செய்கிறான் என்று பாருங்கள், அதுவே பட்டியல். நட்சத்திர அட்டை வைத்தால் சம்பாதித்த நட்சத்திரத்தை எக்காரணம் கொண்டும் பிடுங்கக் கூடாது என்று வீட்டாரிடம் எழுதி வாங்குங்கள். அட்டைகள் பெரும்பாலும் இதனால்தான் சாகின்றன. முதல் இரண்டு மூன்று வாரம் ஒவ்வொரு முறையும் கொடுங்கள், நடத்தை நிலைத்ததும் விட்டுவிட்டுக் கொடுங்கள், பாராட்டு மட்டும் தொடரட்டும்.

இலக்கு தொலைவில் இருந்தால் அதை நோக்கிய சிறு நகர்வையும் வலுவூட்டுங்கள். மனச்சோர்வில் படுக்கையை விட்டு எழாதவருக்கு 'காலை நடைப்பயிற்சி' பெரிய இலக்கு. 'ஏழு மணிக்கு எழுந்து திண்ணையில் அமர்ந்து காபி குடிப்பது' முதல் வாரத்துக்குப் போதும். மனநிலை சரியானதும் செய்கிறேன் என்பார். நேரம் வந்ததும் செய்யுங்கள், மனநிலையைப் பிறகு அளப்போம் என்று சொல்லுங்கள்.

8. நடத்தையைக் குறைக்க வேண்டும் என்றால்: கூலியை நிறுத்துதல்

கடையில் மிட்டாய்க்காக உருளும் பிள்ளைக்கு மிட்டாய் நின்றுபோனால், உருளுவது முதலில் கூடலாம். முன்பைவிடச் சத்தமாக, நீளமாக, சில சமயம் புதிதாக எறிதலும் சேர்ந்து வரலாம். இந்த எழுச்சியைப் பற்றி முன்கூட்டிச் சொல்லாவிட்டால், மூன்றாம் நாள் பெற்றோர் உங்களைத் தொலைபேசியில் அழைத்து, "நீங்க சொன்னதைச் செஞ்சோம், இன்னும் மோசமாயிடுச்சு சார்" என்பார்கள். அதைவிட மோசமானது, உச்சத்தில் இருக்கும்போது மனம் இளகி மிட்டாயை வாங்கிக் கொடுத்துவிடுவது. இனி அந்த உச்சம்வரை போனால்தான் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். ஆகவே தொடங்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். தேர்வு வாரம், திருமண வீடு, விருந்தாளி வந்திருக்கும் நாள் வேண்டாம்.

வீட்டில் உள்ள அனைவரும் ஒரே அமர்வில் இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் முடிவு எடுப்பவர்கள் பெற்றோர், அதை உடைப்பவர் பாட்டி. பாட்டியைக் குற்றம் சாட்டாமல், பிள்ளை கேட்டுப் பேசும் நேரங்களில் கொடுக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படையுங்கள். கொடுக்கும் இன்பம் அவருக்கும் நிலைக்கும். எண்ணச் சுழற்சி நோயில் "கதவைப் பூட்டிட்டேனா?" என்று நூறு முறை கேட்பவருக்கு, வீட்டார் தரும் உறுதிமொழியே கூலி. அதை நிறுத்தும்போது மௌனமாக முகத்தைத் திருப்பக் கூடாது. "இது நோய் கேட்கிற கேள்வி, டாக்டர் பதில் சொல்ல வேண்டாம்னு சொல்லியிருக்காங்க, வா காபி போடலாம்" என்பது போன்ற ஒரு வாக்கியத்தை நோயாளியின் சம்மதத்தோடு முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.

தன்னைக் காயப்படுத்திக்கொள்வதையும் பிறருக்கு ஆபத்தானதையும் 'கண்டுகொள்ளாமல் விடுங்கள்' என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அடி, சூடு, பட்டினி, இருட்டறை ஆகியவை சிகிச்சை ஆகா. வெறுப்பூட்டும் தூண்டல்களைக் கொண்டு ஒருவருடைய பாலீர்ப்பை மாற்றித் தருமாறு கேட்டு வரும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். அத்தகைய முயற்சிகளுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் உத்தரவிட்டிருக்கிறது. மறுத்து, மறுத்ததைக் குறிப்பில் எழுதுங்கள்.

9. கட்டணமும் காலமும்

எவ்வளவு நாளாகும் என்பது முதல் கேள்வியாக வரும். நாய், பல்லி போன்ற குறிப்பிட்ட ஒன்றின் மீதான பயத்தை மூன்று மணி நேரம்வரை நீளும் ஒரே அமர்விலும் கையாளலாம். இல்லையெனில் நான்கைந்து அமர்வு. திடீர்ப் பதற்ற நோய்க்குச் சுமார் 12 அமர்வு, எண்ணச் சுழற்சி நோய்க்கு 12 முதல் 20 என்று திட்டமிடுங்கள். ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தை படுக்கையை நனைப்பதற்கு ஈர உணர்வு மணி (ஈரம் பட்டதும் ஒலிக்கும் கருவி) வைத்தால் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு மாதம். தொடர்ந்து 14 இரவு உலர்ந்திருக்கும்வரை மணியை எடுக்கக் கூடாது. மணி அடித்ததும் பெற்றோர்தான் எழுந்து பிள்ளையை எழுப்ப வேண்டியிருக்கும். அந்த உழைப்பை முன்பே சொல்லாவிட்டால் இரண்டாம் வாரத்தில் மணி பரணுக்குப் போய்விடும்.

கட்டணத் தாளில் வழக்கமான அமர்வு, 90 நிமிட அமர்வு (ஒன்றரை முதல் இரண்டு மடங்கு நியாயமானது), வெளியிட அமர்வுக்கான பயணச் செலவு, வராமல் போனால் என்ன என்பவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள். பேருந்துப் பயிற்சிக்கு ஒரு வசதி உண்டு: தமிழகத்தின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆகவே மல்லிகா தினமும் ஏறி இறங்கிப் பயிற்சி செய்யச் செலவே ஆகவில்லை, ஆட்டோக் காசும் மிச்சம். கட்டணம் கொடுக்க இயலாதவரை மாவட்ட மனநலத் திட்டத்துக்கோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ கடிதத்தோடு அனுப்புங்கள். காப்பீட்டில் மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையான இடம் தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னாலும், வெளிநோயாளர் அமர்வுகளை ஏற்காத பாலிசிகள் ஏராளம். பணம் திரும்பக் கிடைக்கும் என்று நீங்கள் வாக்குக் கொடுக்காதீர்கள்.

10. அளந்துகொண்டே செல்லுங்கள், முறையாக முடியுங்கள்

வாராந்திர எண்ணிக்கையைக் கட்டத் தாளில் வரைந்து, அவருக்கும் காட்டுங்கள். பிஎச்கியூ-9, ஜிஏடி-7 ஆகியவற்றை நான்கு வாரத்துக்கு ஒருமுறை மீண்டும் எடுங்கள். முதலாவதன் ஒன்பதாம் கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது, மொத்த மதிப்பெண் குறைந்திருந்தாலும் அந்த ஒரு பதிலைத் தனியாகப் பாருங்கள். ஐந்தாறு வாரம் வீட்டுப் பயிற்சி ஒழுங்காக நடந்தும் கோடு அசையவில்லை என்றால், உத்தியை மாற்றுவதற்கு முன் ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள். நீங்கள் பார்க்காத ஒரு கூலி எங்கோ கிடைத்துக்கொண்டிருக்கும். அது சில சமயம் நீங்களாகவே இருப்பீர்கள்: துன்பத்தைச் சொல்லும்போது முன்சாய்ந்து கேட்டு, பயிற்சி செய்ததைச் சொல்லும்போது தலையாட்டிவிட்டுக் கடந்துபோனால், அவர் அடுத்த வாரமும் துன்பத்தைத்தான் கொண்டுவருவார்.

முடிக்கும்போது அமர்வுகளை இரண்டு வாரம், ஒரு மாதம் என்று இடைவெளி விட்டு நிறுத்துங்கள்; பிறகு மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் ஒருமுறை. போன பயம், நெடுநாள் பேருந்து ஏறாமல் இருந்தாலோ, காய்ச்சலில் படுத்து எழுந்தாலோ, வேறு ஊரிலோ திரும்பி வரலாம். அதை முன்பே சொல்லி, ஒரு பக்கத் தாளில் மூன்றை மட்டும் எழுதிக் கொடுங்கள்: முதலில் தெரியும் அடையாளம், அன்றே ஏற வேண்டிய ஏணிப்படி எது என்பது, இரண்டு வாரம் முயன்றும் குறையாவிட்டால் அழைக்க வேண்டிய எண். அதன் நகல் ஒன்றைக் கோப்பில் வைத்து, முடித்த தேதியையும் கடைசி அளவீட்டையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். அவர் தம் பதிவேட்டைக் கேட்டால் கொடுக்க வேண்டியது சட்டம், ஆகவே அவர் படிப்பார் என்ற நினைவோடு எழுதுங்கள்.